ஒரு கதிரைக்கு இரண்டு உபயகாரிகள்

பெண்கள் மட்டும் இருக்கும் ஒரு சங்க வீட்டில் இரண்டு வருடம் குடியிருந்தேன் என்று சொன்னால், எங்கள் சனம் கேட்கும் முதற் கேள்வி, “ஏன், வீட்டில ஏதும் பிரச்சினையே?” என்பதுதான். ஒரு பிரச்சினையும் இல்லை. மொன்றியலை ஒட்டிய லவாலில் எங்களுக்கு நல்ல வீடு இருந்தது. அதில் எனக்கென்று ஓர் அறை, அறையில் மாதா படம், படத்தின் கீழே அம்மா மடித்து வைத்த உடுப்பு என்று எல்லாம் இருந்தன. இல்லாதது மெற்றோ மட்டும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த முதல் வருடங்களில் ஒறேஞ் லைன் ஆற்றைக் கடந்து லவாலுக்கு வந்திருக்கவில்லை. ஒரு பஸ், பாலம் தாண்ட இன்னொரு பஸ், பிறகு மெற்றோ, அதிலிருந்து ஏறிவந்து மலைச்சரிவில் நடை. வகுப்புக்குப் போய்ச் சேரும்போது மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டியிருக்கும்.

முதல் வருடத்திலேயே நான் அந்தச் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். சொரோரிற்றி என்று சொல்வார்கள். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் தங்களுக்குள் நடத்தும் சங்கம் அது. கிரேக்க எழுத்துகளில் ஒரு பெயர், வெளியில் சொல்லக்கூடாத ஒரு சத்தியம், மெழுகுதிரி பிடித்துப் பாடும் ஒரு பாட்டு, எல்லோருக்கும் எல்லோரும் சகோதரி. பல ஊர்களில் கிளைகள் உண்டு. எங்களுடையது மொன்றியல் கிளை. சேரும் நாளில் மற்றப் பிள்ளைகள் நடுங்கினார்கள். வெள்ளைச் சட்டை, மெழுகுதிரி, பாட்டு எல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் என்பதால் நான் ஆடாமல் அசையாமல் நின்றேன். என்னை மிகவும் பக்குவமான பிள்ளை என்று நினைத்துவிட்டார்கள். சத்தியம் என்னவென்று இன்றும் சொல்லமாட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லலாம். அதற்கே யாராவது கோபிக்கக்கூடும்.

சேர்ந்தது வீட்டில் பிரச்சினையாகவில்லை. அங்கேயே போய் இருக்கப்போகிறேன் என்றதுதான் பிரச்சினை.

“வீடொண்டு இருக்கேக்க இன்னொரு வீடு என்னத்துக்கு?” என்றார் அப்பா.

பஸ், பனி, இருட்டு என்று நான் அடுக்கினேன். அப்பா அசையவில்லை. முன் கூடத்தைத் தாண்டி ஆண்கள் யாரும் வரக்கூடாது, கிழவிகள் வந்து சோதனை போடுவார்கள் என்று சொன்னபோதுதான் அவர் முகம் தெளிந்தது. அம்மா கடைசியில், “போகட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்திட வேணும்” என்று முடித்தார். அப்படிச் சொன்னாரே தவிர மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம் கறியைப் பழைய ஐஸ்கிரீம் வாளியில் அடைத்துக்கொண்டே, “உன்ர அறை அப்பிடியே கிடக்கு பிள்ளை” என்பார். நான் திரும்பி வரவேண்டும் என்பதை அவர் மறைத்ததே இல்லை.

யூலை முதலாம் தேதி குடிபோனேன். மொன்றியலில் ஊரே வீடு மாறும் நாள் அது. நடைபாதை முழுக்கக் கட்டில், மெத்தை, அடுப்பு என்று கொண்டுபோக முடியாதவற்றைச் சனம் விட்டுவிட்டுப் போகும். அப்பாவின் வேலை வான் வண்டியில் என் பெட்டிகளோடு போனபோது, சங்க வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சாய்ந்திருக்க ஏற்ற ஒரு கதிரை நின்றது. கரும்பச்சை வெல்வெற், உயர்ந்த முதுகு, இரண்டு பக்கமும் காது வைத்த கதிரை. அப்பா வானை நிறுத்திவிட்டார்.

“முழுசாக் கிடக்கு. உதை ஏன் எறிஞ்சவை? விசர்ச் சனம்.”

கையால் நாலு தட்டுத் தட்டினார். மோந்து பார்த்தார். மூட்டைப்பூச்சி இல்லை என்று தீர்ப்பளித்தார். சங்க வீட்டு வாசலில் நின்ற பெண்ணொருத்தி ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். கியூபெக்கின் வடக்கில் ஏதோ சிற்றூரிலிருந்து வந்த அவள்தான் என் அறைத்தோழி என்று பிறகு தெரிந்தது. முன் கூடத்தில் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். கதிரை அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

அந்த வீடு எங்களுடையது அல்ல. படித்து முடித்துப் போன பழைய மாணவிகளின் குழுவுக்குச் சொந்தம். நான் அவர்களைப் பழைய அக்காமார் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அக்கா என்றாலும் சிலருக்கு எழுபது தாண்டியிருந்தது. தங்களை வளர்த்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பது அவர்களுடைய தலையாய கடமை. கொடுக்கத்தான் செய்தார்கள். என்ன கொடுத்தார்கள் என்பதுதான் விசயம். தங்கள் வீட்டில் வைக்கவும் மனமில்லாத, எறியவும் மனமில்லாத சாமான்களெல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்தன. குஞ்சம் தொங்கும் விளக்கு, மூடியைத் திறந்தால் மீன் வாயைப் பிளக்கும் சூப்புக் கிண்ணம், ஒரு பாகம் தொலைந்த கலைக்களஞ்சியம், எந்த யன்னலுக்கும் பொருந்தாத திரைச்சீலைகள். அடியில் நிலவறை இருந்தது. நாங்கள் நன்றி சொல்லி வாங்குவதும் நிலவறைக்குள் இறக்குவதுமாக இருந்தோம்.

கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. பெயர் சொல்லக்கூடாது. பின்கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். ‘அன்புடன், ஒரு சகோதரி’ என்று ஒரு துண்டு மட்டும் இருக்கும். யார் தந்தது என்று கேட்பது அநாகரிகம். தந்தவரே சொல்வது அதைவிட அநாகரிகம். அதனால் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. கொஞ்சக் காலம் போக, கொடுத்தவர்களுக்கே தெரியாது.

இந்த முறையை மீறிய ஒரே ஒருவர், தொப்பிக்காரி. மேற்குப் புறநகரான கர்க்லாண்டிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வருவார். வெயிலோ பனியோ தலையில் ஒரு தொப்பி இருக்கும். முன் கூடத்துப் பியானோ தன்னுடையது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். அந்தப் பியானோவில் பாதிக் கட்டைகள் ஊமை. அவருக்கு நேரெதிர் முத்துமாலை. பழைய மாணவிகள் குழுவின் தலைவி அவர். மலைமேல் கல்வீடு, கழுத்தில் எப்போதும் முத்துமாலை. குனிந்து காதைக் கொடுத்தால்தான் விளங்கும் மெல்லிய குரல். இருவரும் நாற்பது வருடத்துக்கு முன் இதே வீட்டில் ஒரே அறையில் இருந்தவர்கள். என்ன நடந்ததோ, ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் முத்துமாலை எங்களைக் கூடத்தில் இருத்தி, மெல்லிய குரலில் இடியைப் போட்டார். வீட்டைச் சூடாக்கும் பொயிலர் பழசு, குழாய் பழசு. அதைவிட, பழைய சகோதரிகள் இந்தப் பக்கம் வருவதே நின்றுபோய்விட்டது.

“இந்த வீட்டில் தங்களுடையது என்று எதுவும் இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். மார்ச் மாதத் தேநீர் விருந்துக்குப் பிறகு, விற்பதா என்று முடிவு செய்வோம்.”

அவர் போன பிறகு பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீடு போனால் நான் மறுபடி அந்த இரண்டு பஸ்ஸுக்கும் போகவேண்டும். அது மட்டுமென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். லவாலில் நான் கெட்டிக்காரப் பிள்ளை, அடக்கமான பிள்ளை, பங்குப் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசைப் பிள்ளை. இந்த வீட்டில்தான் வயிறு நோகச் சிரிக்கவும், படியில் வழுக்கி விழுந்தவளைத் தூக்குமுன் கேலி செய்யவும், பாண் துண்டில் உறைப்பான மாசிச் சம்பல் பூசி ஒரு பிரெஞ்சுக்காரியின் கண்ணில் நீர் வரவைக்கவும் பழகியிருந்தேன். இங்கே நான் ஆகியிருந்த அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அவளை விட்டுக்கொடுக்க மனமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். “ஐயோ பாவம்” என்றார். முகத்தைப் பாவமாக வைத்திருக்க மிகவும் கஷ்டப்பட்டார். அன்று பின்னேரமே என் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டார்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளிக்கூடம் ஒன்றில் விடுதியில் இருந்து படித்தவர். அந்தப் பள்ளியின் பழைய மாணவிகள் சங்கத்துக்கு மொன்றியலில் ஒரு கிளை உண்டு. அம்மா அதன் செயலாளர், பொருளாளர், தேவையானால் சமையற்காரி. வருடா வருடம் கோயில் மண்டபத்தில் ஒரு மத்தியான விருந்து வைத்து, வருவதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த வருட விருந்து முடிந்து அம்மாவும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். சோற்றுக் கிடாரத்தை நான் துடைத்தேன். வயிற்றில் சிவப்புப் பெயின்ரால் ‘உபயம்’ என்று எழுதி ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அதன் மூடியில் வேறொரு பெண்ணின் பெயர். அகப்பையில் ஒரு பெயர். கோப்பிக் கலனில் ஒரு குடும்பமே இருந்தது, அதில் ஒருவர் அமரர். கதிரைகளின் முதுகிலெல்லாம் பெயர். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“பேர் போடாட்டி என்ன அம்மா?”

“பேர் போடாமல் குடுத்தால் அது தானம். குடுத்தவ மறந்துபோவா. பேர் போட்டால் அது உபயம். தன்ர கிடாரத்தைக் கழுவினவையோ, நெளிச்சுப்போட்டினமோ எண்டு பாக்கவெண்டே அடுத்த முறையும் வருவா. வாறவ வெறுங்கையோட வருவாவே?”

“எல்லாருக்கும் பேர் போட விருப்பமே?”

“ஒருத்தியும் ஓமெண்ணமாட்டா. ‘ஐயோ எனக்குப் பேரொண்டும் வேண்டாம்’ எண்டுதான் சொல்லுவினம். முதல் ஒருத்தியின்ர பேரை நாங்களே போட்டுவிட வேணும். ஆற்ற பேரைப் போடுறது எண்டதிலதான் கெட்டித்தனம்.”

“ஆற்ற?”

அம்மா தண்ணீரை நிறுத்திவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். “மற்றவைக்கு ஆரைக் கண்ணில காட்டக்கூடாதோ, அவவின்ர.”

சங்க வேலையில் மகளுக்கு ஒருவழியாக அக்கறை வந்துவிட்டது என்று அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம். அந்தக் கெட்டித்தனத்தை நான் எந்த வீட்டுக்குக் கொண்டுபோகப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

பழைய அக்காமாரின் சாமான்களில் பெயர் போடும் திட்டத்தைச் சங்க வீட்டில் சொன்னபோது, அந்த வருடத் தலைவியாக இருந்த பிள்ளை தயங்கினாள். “பெயர் எழுதுவது அவர்களுக்குப் பிடிக்காது.”

“பிடிக்காதுதான். அதற்காகத்தான்” என்றேன்.

நிலவறையிலிருந்து எல்லாவற்றையும் மேலே ஏற்றினோம். தூசு தட்டினோம். குஞ்ச விளக்கு மேசைக்கு வந்தது. மீன் கிண்ணம் கணப்பின் மேல் ஏறியது. திரைச்சீலைகளை யன்னலுக்குப் பொருந்தாவிட்டால் சுவருக்கென்று தொங்கவிட்டோம். அறைத்தோழிக்கு அச்சடித்தது மாதிரிக் கையெழுத்து. ஒவ்வொரு அட்டையிலும், ‘எங்களுக்குக் கிடைத்த இந்த அன்பு எந்தச் சகோதரியுடையது?’ என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, கோட்டை வெறுமையாக விட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பேனையும் நாடாவில் தொங்கியது. பெயர் கேட்டால் வெட்கப்படுவார்கள், வெறுங்கோட்டைக் கண்டால் பொறுக்கமாட்டார்கள் என்பது என் கணக்கு. ஒரே ஒரு கோட்டை மட்டும் நாங்களே நிரப்பினோம். பியானோவில் தொப்பிக்காரியின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டோம்.

விருந்தன்று காலையில் எனக்கு வகுப்பு இருந்தது. ஓடிவந்து சேரும்போது வாசல் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். அறைத்தோழி உற்சாகத்தில் கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் அட்டையைக் கட்டியிருந்தாள். யூலை முதலாம் தேதி ரோட்டில் எடுத்த பச்சைக் கதிரையிலும் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அவிழ்க்க நேரமில்லை.

அந்த விருந்துக்குப் பெற்றோரையும் அழைப்பது வழக்கம். அம்மா பட்டுச்சேலைக்குக் கீழே பனிச்சப்பாத்தோடு வந்து, வாசலில் நின்று செருப்பு மாற்றினார். இரண்டு தட்டு நிறைய ரோல்ஸும் பற்றிஸும் கொண்டுவந்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய அப்பா, “நான் ஒண்டும் கதைக்கமாட்டன்” என்று முன்கூட்டியே உறுதி தந்தார். அவர் சொன்னபடி நடந்திருந்தால் எனக்கு அன்று நெஞ்சுபடபடப்பு வந்திருக்காது.

பழைய அக்காமார் வந்தார்கள். அட்டைகளைக் கண்ணாடியை இறக்கிப் படித்தார்கள். “புதுமையான யோசனை” என்றார் ஒருவர், சூப்பில் மயிர் கண்ட குரலில். பேனையை ஒருவரும் தொடவில்லை. தேநீர் ஆறியது. தலைவிப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகக் குறைந்துவிட்டேன்.

பிறகு முத்துமாலை பியானோவுக்குக் கிட்ட வந்தார். படித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். 

“பியானோவுக்கு முன் உட்கார்ந்து வாசிக்கும் வாங்கைக் கொடுத்தது யார் என்று ஏன் எழுதவில்லை?” என்று என்னைக் கேட்டார். அவர் பேசியது தள்ளி நின்ற எல்லோருக்கும் கேட்டது அன்றுதான் முதல்முறை.

“தெரியவில்லை, மேடம்.”

வாங்கில் தொங்கிய பேனையை அவர் எடுத்தார். அவ்வளவுதான், மடை திறந்தது. சூப்பில் மயிர் கண்ட அம்மாள் நேரே போய்க் குஞ்ச விளக்கைப் பிடித்தார். மீன் கிண்ணம் தன்னுடைய கலியாணப் பரிசு என்றும், அதைத் தந்த மாமியாரை நினைத்துத்தான் இங்கே கொண்டுவந்து வைத்ததாகவும் ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது. ஒரு கிழவி தன் திரைச்சீலையைக் கண்டு, அதை முகத்தில் வைத்து அழுதார். தான் தைத்தது, தன் முதல் வீட்டுக்கு என்றார். அதை நிலவறையில் ஈரத்துக்குள் போட்டிருந்த எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஒருவர் தன் பெயருக்குப் பதிலாக இறந்துபோன தன் தோழியின் பெயரை எழுதினார். அம்மா மூலையில் நின்று இதையெல்லாம் பார்த்தார். பியானோவின் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு புருவம் மட்டும் மேலே போனது. நான் பற்றிஸ் பரிமாறப் போய்விட்டேன்.

களைத்துப்போன முத்துமாலை பச்சைக் கதிரையில் அமர்ந்தார். கைப்பிடியைத் தடவினார். அட்டையைக் கண்டார்.

“அட, இதுவா! என் கணவரின் படிப்பறைக் கதிரை. அவர் போன பிறகு எனக்குப் பார்க்க முடியவில்லை, இங்கே அனுப்பிவிட்டேன்.”

“உன் கணவருடையதா?” தொப்பி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. “இது என் அம்மாவின் கதிரை. இங்கே பார், என் பூனை கீறிய அடையாளம்.”

கைப்பிடியில் உண்மையாகவே கீறல் இருந்தது. எந்த ஊர்ப் பூனையோ, மாதாவுக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்தக் காலத்திலோ ஆளுக்கொரு பச்சைக் கதிரையைப் பின்கதவடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவை எப்போதோ உடைந்து குப்பைக்குப் போயிருக்கும்.  இருவர் கையும் ஒரே பேனையில் இருந்தது. அறைத்தோழி வாய்க்குள் பிரெஞ்சில் ஒரு கோயில் சாமானின் பெயரைச் சொன்னாள். அந்த ஊரில் அதுதான் தூஷணம்.

அப்போது அப்பா முகம் மலர்ந்து முன்னுக்கு வந்தார். அப்பா டெப்பனர் என்னும் மூலைக்கடையில் மிச்சக் காசு கூடுதலாகத் தந்துவிட்டால் பனிக்குள் திரும்பி நடந்து கொடுத்துவிட்டு வருகிறவர். இரண்டு பெண்கள் தவறான எண்ணத்தில் சண்டைபிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

“இஞ்சேரும், உது நாங்கள் அண்டைக்கு ரோட்டில...” என்று அம்மாவிடம் சொன்னவர், அவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் தொடங்கினார். “மன்னிக்கவேணும் மேடம், இந்தக் கதிரை...”

நான் அம்மாவைப் பார்த்தேன். தெருவில் எறிந்த கதிரையை எங்கள் குடும்பச் சொத்தென்று இத்தனை பேர் முன் சொன்னோமே என்று அந்த இருவரும் கூசிப்போவார்கள். அந்த வெட்கத்தோடு வீடு விற்றுப்போகும். லவாலில் புது விரிப்புப் போட்ட கட்டில் காத்திருந்தது. அம்மா எதுவும் செய்யவேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

அம்மா தட்டிலிருந்த ரோல் ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் திணித்தார். “சாப்பிடுங்கோ, ஆறப்போகுது.” பிறகு அப்பா விட்ட இடத்திலிருந்து தன்னுடைய ஆங்கிலத்தில் தொடர்ந்தார். “இந்தக் கதிரை மிகவும் நல்ல கதிரை என்று என் கணவர் சொல்கிறார்.”

அப்பா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் ரோலைக் கடித்துக்கொண்டார்.

“எங்கள் கோயிலில் ஒரு பெரிய பானை இருக்கிறது மேடம்” என்றார் அம்மா. “பானையில் ஒருவர் பெயர். மூடியில் ஒருவர் பெயர். இரண்டும் சேர்ந்தால்தான் சோறு வேகும். இருவரும் வருடம் தவறாமல் வருவார்கள்.”

முத்துமாலை கதிரையைப் பார்த்தார். தொப்பிக்காரியைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் நாற்பது வருடக் கோபத்துக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது.

“இருக்கை எனக்கு” என்றார்.

“அப்படியானால் முதுகு எனக்கு” என்றார் தொப்பிக்காரி. “உயரமானது அதுதான்.”

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேநீர் முடிந்து பழைய அக்காமார் மேலங்கி மாட்டும்போது, வீட்டை விற்கும் முடிவு எப்போது என்று யாரோ கேட்டார்கள். “விற்பதைப் பற்றி யார் பேசியது?” என்று முத்துமாலை மிகுந்த ஆச்சரியத்தோடு கேட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு நிம்மதியே இல்லை. தன் விளக்குக்குப் புது மூடி, யன்னலுக்குப் பொருந்தும் திரைச்சீலை என்று வாரத்துக்கொருவர் வந்து நின்றார்கள். பியானோவின் ஊமைக் கட்டைகள் பேசத் தொடங்கின. கோடையில் புதுப் பொயிலர் வந்தது. அதன் வயிற்றிலும் ஒரு பித்தளைத் தகடு. கொடுத்தவர், பெயரொன்றும் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னவர், தகட்டைத் தானே செய்து கொண்டுவந்திருந்தார். இப்போது நானும் ஒரு பழைய அக்கா. அந்தச் சமையலறையில் என் பெயர் போட்ட, சோறு அவிக்கும் சட்டி ஒன்று இருக்கிறது. போகும்போதெல்லாம் அடியைத் திருப்பிப் பார்ப்பேன், அடிபிடிக்கவிட்டிருக்கிறார்களா என்று.

விருந்தன்று பின்னேரம் அப்பா காரைச் சூடாக்கப் போயிருந்தார். “ரோட்டில எடுத்த கதிரையெண்டு சொன்னால் என்ன குறைஞ்சுபோகும்?” என்று அவர் கேட்டுக்கொண்டே போனது படி இறங்கும்வரை கேட்டது. அம்மா வாசலில் குந்தி மறுபடி பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய் நின்றேன்.

“அம்மா, அப்பாவைச் சொல்ல விட்டிருக்கலாம்தானே? வீடு போயிருக்கும். நான் வீட்டை வந்திருப்பன்.”

“ஓம், வந்திருப்பாய்.” அவர் நிமிரவில்லை. “வந்து மூஞ்சையை நீட்டிக்கொண்டு அந்த அறைக்குள்ள கிடந்திருப்பாய். உன்ர சிரிப்பை இண்டைக்குத்தான் பாத்தன் பிள்ளை, அந்தப் பிரெஞ்சுப் பெட்டையோட குசினிக்குள்ள. எங்கட வீட்டில நீ அப்பிடிச் சிரிச்சதில்லை.”

 இல்லை என்று சொல்லப் பார்த்தேன். பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

“நானும் போர்டிங்கில இருந்தனான்தானே” என்றார் அம்மா. “நாட்டில பிரச்சினை தொடங்கி போர்டிங்கை இடையில மூடினவை. வீட்டை போய் ஒரு மாசம் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை நான். என்ர அம்மாவுக்கு அது எவ்வளவு நொந்திருக்கும் எண்டு இப்பதான் விளங்குது.” எழுந்து சேலையைத் தட்டினார். “உந்தத் தட்டுகளைக் கழுவி ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. மறந்துபோடாதை.”

ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மெற்றோ எடுத்து, இரண்டு பஸ்ஸும் ஏறி, மூக்கு மரத்துப்போய் லவால் வாசலில் நின்று மணியடித்தேன். கதவைத் திறந்த அம்மா என்னையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன, துரத்திப்போட்டினமே?” என்றார்.

இல்லை, சும்மாதான் வந்தேன் என்றேன்.  அம்மா உள்ளே போய் இன்னொரு சுண்டு அரிசி களைந்து போட்டார்.